பிரயாண ஆயத்தம்



நெடும் பிரயாணத்துக்கு ஒருவன் செய்யும் ஆயத்தத்தைக் கொண்டே அவன் எத்தகையவன் என்பதை அறிந்துகொள்ளலாம். எதை நம்புகிறான், எதற்கு அஞ்சுகிறான், எதை விட மனமில்லாதவனாய் இருக்கிறான் என்பன யாவும் அவன் கட்டும் மூட்டையில் வெளிப்பட்டுவிடும். தம்மத்தைத் தழுவிய நாமும் ஒரு பெரும் பிரயாணத்தின் தொடக்கத்தில் நிற்பவர்களே. பழைய வீட்டை விட்டுப் புறப்பட்டுவிட்டோம்; சேருமிடம் இன்னும் தொலைவில் இருக்கிறது. ஆகையால் நம் மூட்டையில் என்ன இருக்கிறது என்று அவிழ்த்துப் பார்த்துக்கொள்வது இன்றியமையாத கடமையாகும். நாம் நேரில் கண்ட ஒரு தம்பதியின் ஆயத்தத்தைக் கொண்டு இவ்விஷயத்தை இங்கே சிந்திப்போம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நாம் அந்தமானைச் சேர்ந்த ஹேவ்லாக் தீவில் சில நாள் தங்கியிருந்தோம். போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அத்தீவு. 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் அதற்குச் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றியது. 2024-இல் போர்ட் பிளேயரும் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. நமது நேயர்களுக்குப் பழகிய பழைய பெயர்களையே இங்கே வழங்குகின்றோம். ஹேவ்லாக்கில் படகுத் துறையிலிருந்து ராதாநகர்க் கடற்கரை வரை ஒரு சாலை செல்கிறது. அதன் நீளம் சுமார் 12 கிலோமீட்டர். அதற்கு அப்பால் கடல்.

அச்சாலையில் பதினோராண்டுகளாக வேன் ஓட்டிப் பிழைப்பவர் நம் உபாசகர் ஒருவர். இராமநாதபுரத்திலிருந்து சென்ற தமிழ்க் குடும்பத்தில், போர்ட் பிளேயரில் பிறந்தவர். சென்னைக்கு வந்திருந்த காலத்தில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றவர். அவருடைய மனைவியார் ஹேவ்லாக்கிலேயே பிறந்த வங்காளப் பெண்மணி. மணத்துக்குப் பின் தாமும் விரும்பித் தம்மத்தை ஏற்றவர். படகில் வந்து இறங்குவோரை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போவதும், அங்கிருந்து திரும்புவோரை ஏற்றிக்கொண்டு துறைக்கு வருவதுமே அந்த வேனின் வாழ்க்கை. அது ஓடிய கணக்கைப் பார்த்தோம். இரண்டு லட்சம் கிலோமீட்டரைக் கடந்திருந்தது. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர் ஆகலின், உலகத்தை ஐந்து முறை சுற்றி வரும் தூரத்தை அந்த வேன் ஓடியிருக்கிறது. ஆயினும் அந்தத் தீவின் சாலையை விட்டு ஒரு நாளும் அப்பால் சென்றதில்லை.

அன்பர்களே! சம்சாரம் என்று பகவன் புத்தர் உரைத்ததற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டுமோ? ஓட்டத்துக்குக் குறைவில்லை, உழைப்புக்கும் தேய்மானத்துக்கும் குறைவில்லை. போய்ச் சேர்ந்த இடம் மட்டும் இல்லை. பிறப்பதும் ஓடுவதும் தேய்வதும், மீண்டும் பிறப்பதுமாகிய நம் நிலையும் அதுவே.

அந்தத் தம்பதியர் அந்த வேனையே வீடாக்கிக்கொண்டு நெடும் பிரயாணம் போகத் தீர்மானித்திருந்தார்கள். தீவிலிருந்து சரக்குப் படகில் போர்ட் பிளேயர். அங்கிருந்து கப்பலில் வங்கக் கடலைத் தாண்டிச் சென்னை. சென்னையிலிருந்து 1,100 கிலோமீட்டர் வடக்கே நாகபுரி. 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களுடன் தம்மத்தை ஏற்ற அந்தத் தீட்சா பூமியில், அதே தேதியில் நிற்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பின்னர்ச் சாஞ்சி, சாரநாத், புத்தகயை. முடிவில் கொல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறித் தீவுக்குத் திரும்புதல். கொல்கத்தாவை முடிவாக வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் அவர்கள் வண்டியின் அடியைப் பார்த்தார்கள். மேலே வண்ணம் பளபளவென்றிருந்தது. கீழே படுத்துப் பார்த்தபோது உப்புக்காற்று தன் வேலையைச் செய்திருந்தது. சேஸிஸில் இரண்டிடத்தில் துரு இரும்பைத் தின்று பொத்தலாக்கியிருந்தது. "திரைச்சீலைக்கும் மெத்தைக்கும் பணம் ஒதுக்கியிருந்தோம். அவ்வளவும் இந்தத் துருவுக்குப் போயிற்று" என்றார் அந்த அம்மையார். தம்மபதத்தில் பகவர் துருவை உவமையாக்கி மனமாசை விளக்கியிருப்பது நாம் அறிந்ததே. துருவைக் காணவேண்டுமானால் வண்டியின் அடியில் மல்லாந்து படுக்க வேண்டும். முகத்தில் சேறு சொட்டும். நம் மனத்தின் அடியைப் பார்ப்பதற்கும் அவ்வளவு தாழ்மை வேண்டும். வண்ணம் பூசுவதை முதல் வேலையாகக் கொள்பவர் பலர். துருவைச் சுரண்டுவதை முதல் வேலையாகக் கொள்பவர் சிலரே.

பின்னர் உள்ளே வேலை தொடங்கிற்று. இருக்கைகளைக் கழற்றி, பிளைவுட்டால் கட்டிலும் அதன் கீழே பெட்டிகளும் அமைத்தார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். 'யார் கேட்கப்போகிறார்கள்?' என்று அக்கம்பக்கத்தார் கூறியும், அவர்கள் முறைப்படி விண்ணப்பித்து ஆர்.சி.யில் பதிவு செய்துகொண்டார்கள். யாரும் காணாவிடத்தும் நேர்மையாயிருப்பதே சீலம் அல்லவா?

விளக்குக்கும் விசிறிக்கும் தனியே ஒரு பேட்டரி வைத்தார்கள். இரவெல்லாம் விளக்கெரித்தாலும், காலையில் இன்ஜினைக் கிளப்பும் பேட்டரி வலிமை குன்றாதிருக்கும் பொருட்டு இந்த ஏற்பாடு. சமையலுக்குச் சிலிண்டரைச் சென்னையில் வாங்கிக்கொள்வதென்று வைத்து, அதற்குரிய அறையை மட்டும் அமைத்தார்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கி நிற்கும். ஒரு தீப்பொறி போதும். ஆகையால் அறையின் அடிப்பலகையில் துளையிட்டு, கசிவு வெளியே இறங்கிப் போக வழி செய்தார்கள். கதவு சன்னல்களை மூடிக்கொண்டு அடுப்பெரித்தபடி உறங்கினால் நச்சுக்காற்று உயிரை வாங்கிவிடும் என்பதைச் சிறு பலகையில் எழுதி அடுப்பின் மேல் மாட்டினார்கள். அப்பமாதம் என்று பாலியில் கூறப்படும் விழிப்புடைமை இதுவே. பகவர் பரிநிர்வாணம் எய்தும் வேளையில் சீடர்களுக்குக் கடைசியாக நினைவூட்டியது இந்த விழிப்புடைமையைத்தான். அது தியான மண்டபத்தில் மாத்திரம் இருப்பதொன்று என்று எண்ணாதீர்கள். சிலிண்டர் அறையில் இடும் துளையிலும் அது இருக்கிறது.

தண்ணீரைப் பற்றித் தம்பதியரிடையே விவாதம் எழுந்தது. நூறு லிட்டர் நீர் நூறு கிலோ பாரம். "வழியெல்லாம் ஊர்கள் உண்டே, இவ்வளவு சுமப்பானேன்?" என்றார் கணவர். மனைவியார் உடன்படவில்லை. நாம் அவர்களுக்கு அபண்ணக ஜாதகத்தை நினைவூட்டினோம். ஜாதகக் கதைகளில் முதலாவது அது. ஐந்நூறு வண்டிகளுடன் பாலைநிலத்தைக் கடக்கப் புறப்பட்டான் ஒரு வணிகன். எதிரே நனைந்த தலையும் தாமரை மாலையுமாய் வந்தவர்கள், 'அப்பால் பெருமழை பெய்கிறது. நீரைச் சுமப்பது வீண்' என்றார்கள். அவன் குடங்களை உடைத்து நீரைக் கொட்டிவிட்டான். வந்தவர்கள் மாறுவேடம் பூண்ட யக்கர்கள். அன்றிரவே அவனும் அவனைச் சேர்ந்தோரும் அவர்களுக்கு இரையாயினர். பின்னால் ஐந்நூறு வண்டிகளுடன் வந்தவர் போதிசத்துவர். அவரிடமும் அதே சொல் கூறப்பட்டது. அவரோ தம் ஆட்களை நோக்கி, மழைக்காற்று வீசக் கண்டீர்களா, மேகத்தைக் கண்டீர்களா, மின்னலைக் கண்டீர்களா, இடியைக் கேட்டீர்களா என்று ஒவ்வொன்றாய் வினவினார். எதுவும் இல்லை என்றறிந்தபின், ஒரு துளி நீரும் கொட்டப்படக்கூடாது என்று கட்டளையிட்டார். அவர் கூட்டம் நலமாய்க் கரை சேர்ந்தது.

சொன்னவர் தலை நனைந்திருப்பதைக் கண்டு மழையை நம்பினான் முன்னவன். வானத்தைப் பார்த்து முடிவு செய்தார் பின்னவர். நமக்கும் எதிரே பலர் வருகிறார்கள். 'சாதியெல்லாம் இக்காலத்தில் எங்கே இருக்கிறது? சங்கம் எதற்கு, தனியே ஒரு மார்க்கம் எதற்கு? குடத்தை உடைத்துவிட்டு எங்களோடு வாருங்கள்' என்று இனிய முகத்துடன் கூறுகிறார்கள். அவர்கள் கூறுவது மெய்யாகுமாயின் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் குடத்தை உடைக்குமுன் வானத்தைப் பாருங்கள். சேரியின் சுடுகாட்டுப் பாதையைப் பாருங்கள். பத்திரிகையில் வரும் மணமகள் தேவை விளம்பரத்தைப் பாருங்கள். மேகம் தென்பட்டால் பிறகு பேசிக்கொள்வோம்.

அந்தத் தம்பதியர் அறுபது லிட்டர் என்று இணங்கினார்கள்.

அடுத்துச் சாமான்கள். கணவர் ஒரு பட்டியல் எழுதினார். மனைவியார் ஒரு பட்டியல் எழுதினார். இரண்டையும் சேர்த்தபோது இரண்டு வேன் தேவைப்பட்டது. மழை விட்ட ஒரு பிற்பகலில் முற்றத்தில் தார்ப்பாயை விரித்து, யாவற்றையும் அதன்மேல் கொணர்ந்து வைத்தார்கள். மூன்று குவியலாகப் பிரித்தார்கள். நாள்தோறும் வேண்டுவன முதற் குவியல்: பாய், போர்வை, இரண்டு பாத்திரம், அரிசி, பருப்பு, மருந்து. இடுக்கண் வந்தால் வேண்டுவன இரண்டாவது: ஸ்டெப்னி, ஜாக்கி, பேன் பெல்ட், கயிறு, தீயணைப்புக் கருவி. எஞ்சியவை மூன்றாவது. அதில் நான்கு பட்டுப்புடவைகள், உறவினர் கண்ணில் படுவதற்கென்றே எடுத்த வெள்ளித் தட்டு, புதிய தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவை கிடந்தன. "இவை எதற்கு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். ஒன்று அச்சத்துக்காக எடுத்ததாயிருந்தது. அல்லது பெருமைக்காக எடுத்ததாயிருந்தது. பறவை எங்கே பறப்பினும் தன் சிறகை மட்டுமே சுமையாகக் கொண்டு பறப்பதுபோல் பிக்கு வாழவேண்டும் என்றார் பகவர். நாம் இல்லறத்தார், நம்மிடம் அதனினும் சற்று அதிகம் இருக்கலாம். ஆயினும் மூன்றாம் குவியல் நமக்கும் வேண்டாதது.

அன்பர்களே, நம் மூன்றாம் குவியலில் என்ன இருக்கிறது? ஜாதகக் கட்டு இருக்கிறது. இராகு காலக் குறிப்பு இருக்கிறது. அவற்றினும் கனமான ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பிரசங்கமே வீண். பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய நாள்தொட்டு, சாதியற்ற பழம் பௌத்தர் நாம் என்று சொல்லி வருகிறோம். ஆயினும் நம் மகளுக்கு மணமகன் தேடும்போது, அவனும் பௌத்தனே என்றறிந்த பின்னும், 'அதில் எந்தப் பிரிவு?' என்று தாழ்ந்த குரலில் கேட்கிறோமா இல்லையா? பிறர் நம்மேல் ஏற்றிய சுமையை இறக்கி வைத்துவிட்டோம். நாம் பிறர்மேல் ஏற்றும் சிறு சுமையை மட்டும் புடவை மடிப்புக்குள் ஒளித்து எடுத்து வருகிறோம். அதையும் தார்ப்பாயின்மேல் கொணர்ந்து வைக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் பார்த்தால், அதுவும் அச்சத்துக்காகவோ பெருமைக்காகவோ எடுத்ததுதான் என்பது விளங்கும்.

புறப்பாட்டுக்குச் சில நாள் இருக்கையில் மனைவியார் ஓர் ஐயத்தை எழுப்பினார். "வழியில் இவருக்குக் காய்ச்சல் வந்தால் வண்டியை யார் ஓட்டுவது?" கணவர் நகைத்தார். அம்மையார் நகைக்கவில்லை. தாமே வண்டி ஓட்டக் கற்று உரிமம் பெறும் வரையில் பிரயாணம் இல்லை என்று கூறிவிட்டார். அதனால் புறப்பாடு ஓராண்டு தள்ளிப்போயிற்று. நாம் சென்றிருந்தபோது அவர் சேற்றில் மண்டியிட்டு, ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைத் தாமே மாற்றினார். கணவர் கைகட்டி நின்று பார்த்தார்.

அங்குத்தர நிகாயத்தில் நகுலபிதா, நகுலமாதா என்னும் முதிய தம்பதியர் வருகின்றனர். நகுலபிதா கடும் நோயுற்றுக் கிடந்தபோது மனைவியார் அருகமர்ந்து கூறிய மொழிகள் நம் இல்லங்களில் நினைக்கத்தக்கன. கவலையோடு இறக்க வேண்டா. நூல் நூற்கவும் கம்பளி சிக்கெடுக்கவும் வல்லேன். பிள்ளைகளையும் குடும்பத்தையும் காப்பேன். சீலத்திலும் தம்மத்திலும் நிலைகுலையேன் என்று தேற்றினார். அத்தேறுதலே மருந்தாயிற்று, நகுலபிதா பிழைத்தெழுந்தார். இத்தகைய மனைவியைப் பெற்றது உனக்குப் பெரும்பேறு என்று பகவர் அவரைப் பாராட்டினார். இத்தம்பதியரே, இம்மையில் போலவே மறுமையிலும் ஒருவரையொருவர் காண விரும்புகிறோம் என்று பகவரிடம் விண்ணப்பித்தவர்கள். அதற்குப் பகவர் நாள் கோள் எதையும் கூறவில்லை, தாயத்தும் தரவில்லை. சிரத்தை, சீலம், ஈகை, ஞானம் என்னும் நான்கிலும் இருவரும் ஒப்பாயிருங்கள் என்றார். ஒருவர் மட்டும் ஓட்ட, மற்றவர் உட்கார்ந்து வருவது தம்மத்தில் தாம்பத்தியம் ஆகாது. கணவர் விகாரைக்கு வருகிறார், மனைவியார் வீட்டில் பழைய சடங்குகளைச் செய்கிறார் என்று குறைபட்டுக்கொள்ளும் சகோதரர்களைக் கேட்கிறோம்: நீங்கள் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்களா?

புறப்படும் நாளில் பெண்ணின் தாயார் நான்கு எலுமிச்சம்பழங்களைக் கொண்டுவந்தார். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து நசுக்கிச் செல்லவேண்டும் என்பது அவர் விருப்பம். அயலாரான தமிழ்க் குடும்பத்தார், பஞ்சாங்கம் பார்த்து, பத்தரை மணிக்குமேல் கிளம்புக என்றனர். படகோ ஒன்பது மணிக்கு.

இங்கே நக்கத்த ஜாதகம் நினைவுக்கு வருகிறது. பட்டணத்தார் ஒருவர் தம் மகனுக்குக் கிராமத்தில் பெண் நிச்சயித்து நாளும் குறித்துவிட்டார்கள். பின்னர் ஓர் ஆசீவகரிடம் போய், இன்று நட்சத்திரம் நல்லதா என்று கேட்டார்கள். முன்னரே தம்மைக் கேட்கவில்லையே என்ற சினத்தால் அவர், நட்சத்திரம் சரியில்லை என்றார். அவர்கள் தங்கிவிட்டார்கள். காத்திருந்த கிராமத்தார் பெண்ணை வேறொருவனுக்கு மணம் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் சென்றவர்களுக்குச் சண்டையே மிஞ்சிற்று. பெண்ணைப் பெறுவதுதான் நற்கோள். வானத்து மீன்கள் இதில் என்ன செய்யும் என்று அங்கிருந்த அறிஞர் ஒருவர் உணர்த்தினார். படகு ஒன்பது மணிக்குப் புறப்படுமாயின், ஒன்பது மணிக்கு முன்னதே நல்ல நேரம்.

ஆயினும் அந்த முதியவளை என் செய்வது? மூட நம்பிக்கை என்று கடிந்து பேசியிருந்தால் சொல் மெய்யாகவே இருந்திருக்கும். ஆனால் மைத்திரி அற்றதாய் இருந்திருக்கும். அப்பெண்மணி தாயின் கையிலிருந்து பழங்களை வணக்கத்தோடு வாங்கினார். உள்ளே சென்று நறுக்கிப் பிழிந்து, சர்க்கரையும் உப்புமிட்டு, வழியனுப்ப வந்த அனைவருக்கும் கொடுத்தார். முதற் குவளை தாயாருக்கு. நசுங்கி மண்ணில் கிடக்க இருந்த பழங்கள் பதினைந்து பேர் தாகத்தைத் தணித்தன. கிழவி குடித்துவிட்டு, "சர்க்கரை போதாது" என்றாள். அவ்வளவில் அது முடிந்தது. அதற்குப்பின் கணவர் செய்த சடங்கு ஒன்றே: பிரேக்கை மும்முறை அழுத்திப் பார்த்தார்; டயர்களில் காற்றை அளந்தார்.

இனி, கூறுவதாகச் சொன்ன விஷயத்துக்கு வருவோம். வேனின் நெற்றியில் பகவரின் திருவுருவமும், நீல எழுத்தில் 'ஜெய் பீம்' என்ற சொல்லும் இருந்தன. முந்தின இரவு கணவர் அச்சொல்லை எடுத்துவிட எண்ணினார். "தெரியாத ஊர்களில் இரவில் வண்டியை நிறுத்தித் தூங்கப்போகிறோம். அடிக்கிறவன் காரணம் கேட்கமாட்டான். நீ கூட இருக்கிறாய்" என்றார். அவர் கோழையல்லர். அவருடைய அச்சம் நியாயமானது. அந்த அச்சத்தை அறியாத நேயர் நம்மில் எவரும் இரார்.

மனைவியார் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு தம் பாட்டியாரைப் பற்றிக் கூறினார். கிழக்கு வங்கத்தில் பரிசால் ஜில்லாவில் பிறந்த நாமசூத்திரப் பெண் அவர். பிரிவினைக்குப்பின் ஊரிழந்து, முகாமில் கிடந்து, கல்கத்தாவில் கப்பலேறியவர். 1949 முதல் அவ்வாறு அந்தமானில் குடியேற்றப்பட்ட அகதிகளில் பெரும்பாலோர் நாமசூத்திரரே. ஹேவ்லாக்கில் 1950-களில் காடு வெட்டி வயல் திருத்தியவர்கள் இவ்வகதிகளே. கோவிந்தநகர், விஜயநகர், ராதாநகர் என்று ஊர்ப்பெயர் வைத்து வாழ்ந்தனர். அப்பாட்டியார் கொணர்ந்தவை ஒரு பித்தளைக் குடமும், முந்தானையில் முடிந்த விதையும், கைக்குழந்தையும்.

அன்பர்களே, இம்மக்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை இவ்விடத்தில் சொல்லவேண்டும். 1946-இல் அரசியல் நிர்ணய சபைக்குச் செல்ல, பம்பாயில் பாபாசாகேபுக்கு வழியில்லாதிருந்தது. வங்காளத்தில் நாமசூத்திரத் தலைவர் ஜோகேந்திரநாத் மண்டலும் அவரைச் சேர்ந்த பிரதிநிதிகளுமே ஆதரவளித்து அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினர். மறு ஆண்டு பிரிவினையில் அம்மக்கள் வாழ்ந்த ஜில்லாக்களில் பெரும்பாலானவை பாகிஸ்தானைச் சேர்ந்தன. பாபாசாகேப் 1947-இல் பம்பாயிலிருந்து மீண்டும் தேர்வாகிச் சட்டம் வகுத்தார். அவருக்கு முதலில் வாயிலைத் திறந்தவர்கள் வீடிழந்து கப்பலேறினார்கள். அவர்களுடைய பேத்தி இன்று அந்த வேனின் முன் நிற்கிறார்.

அவர் சொன்னார்: "என் பாட்டி ஊரை விட்டார், வயலை விட்டார், பாத்திரம் பண்டம் எல்லாம் விட்டார். சாதியை விடச் சொல்லி மட்டும் யாரும் கேட்கவில்லை. அது டிக்கெட் வாங்காமல் கப்பலில் கூடவே வந்தது. நாம்தான் அதை இறக்கி வைத்தோம். இறக்கி வைத்ததற்கு அடையாளம் இந்த இரண்டு சொல். இதை நான் மூன்றாம் குவியலில் வைக்கமாட்டேன்."

கணவர் நம்மை நோக்கினார். நாம் தீர்ப்புக் கூறவில்லை. வேறொருவர் உயிரைப் பணயமாக வைத்து வீரம் போதிப்பது சமயத் தொண்டாகாது. பகவரும் வலியச் சென்று அபாயத்தைத் தேடச் சொன்னதில்லை. ஆனால் ஒன்று கூறினோம்: மறைப்பதும் ஒரு சுமையே. மறைத்த ஒன்றை இரவும் பகலும் காவல் காக்கவேண்டும். கேட்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு பொய்யை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். நான்காம் சீலம் நாள்தோறும் உராயும். அதன் எடையையும் கணக்கிட்டுப் பாருங்கள் என்றோம். நெடுநேரங் கழித்துக் கணவர் ஈரத்துணி எடுத்து அந்த எழுத்துக்களைத் துடைத்துச் சுத்தமாக்கினார். எழுத்து அங்கேயே இருந்தது. இரவில் தனியிடத்தில் தங்காமல், பெட்ரோல் நிலையங்களிலும் விகாரைகளிலும் அன்பர் இல்லங்களருகிலும் மட்டுமே வண்டியை நிறுத்துவதென்றும் அப்போதே முடிவு செய்தார்கள். துணிவும் விழிப்புடைமையும் அவ்வாறு ஒன்றாய் நின்றன.

மஜ்ஜிம நிகாயத்தின் ரதவினீத சூத்திரத்தில், பசேநதி அரசன் சாவத்தியிலிருந்து சாகேதத்துக்கு ஏழு ரதங்களை மாறிமாறி ஏறிச் செல்லும் உவமையைப் புண்ண மந்தானிபுத்தர் சாரிபுத்தருக்கு உரைக்கிறார். முதல் ரதம் இரண்டாம் ரதம் வரைக்கும். இரண்டாவது மூன்றாவது வரைக்கும். எந்த ரதமும் முடிவாகாது. எதனையும் விட்டுவிட்டுச் சேரவும் முடியாது. சீலத்தின் தூய்மை மனத்தின் தூய்மைக்காக. மனத்தின் தூய்மை அறிவின் தூய்மைக்காக. இவ்வாறே படிப்படியாய் நிப்பாணம் வரை. அத்தம்பதியர்க்கும் வேன், படகு, கப்பல், மீண்டும் வேன் என்று ஊர்தி மாறிற்று. நாம் ஏற்ற திரிசரணமும் முதல் ரதமே. அதில் ஏறி அமர்ந்தவுடன் சேர்ந்துவிட்டோம் என்று நினைப்பவர், சாவத்தி வாயிலிலேயே ரதத்தில் அமர்ந்திருப்பவர்.

அவர்கள் போய்த் திரும்பிவிட்டார்கள். கொல்கத்தாத் துறைமுகத்தில், பாட்டியார் கப்பலேறிய நதிக்கரையில், ஒரு தீபமேற்றிப் புண்ணியத்தை அவருக்கு ஈந்துவிட்டுக் கப்பலேறியதாக அம்மையார் நமக்கு எழுதியிருக்கிறார். வழியில் இரண்டு இரவுகள், நெற்றியெழுத்தைப் பார்த்து, வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்களாம். அதே எழுத்தைப் பார்த்து, அழைத்துச் சோறிட்டவர்கள் பதினேழு வீட்டாராம். அவர் இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறார். ஒன்றைக் குறைக்கவும் இல்லை, மற்றொன்றைக் கூட்டவும் இல்லை.

இப்போது அந்த வேன் மீண்டும் துறைக்கும் ராதாநகருக்குமிடையே ஓடுகிறது. சாலை அதே 12 கிலோமீட்டர். சில நாள் கணவர் ஓட்டுகிறார். சில நாள் மனைவியார் ஓட்டுகிறார்.

அன்பர்களே! இன்றிரவு வீடு சென்றதும் ஒரு தார்ப்பாயை விரியுங்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து அமருங்கள். மூட்டையை அவிழுங்கள். வேண்டுவதை வையுங்கள், வேண்டாததை இறக்குங்கள், துருவைச் சுரண்டுங்கள், நீரைக் கொட்டாதீர்கள். ஆயத்தமானவர்க்கு எந்நேரமும் நன்னேரமே.

சகல உயிர்களும் நலமெய்துக! சாது! சாது! சாது!